டெல்லியில் குழந்தைப்பேறு சிகிச்சை: முதல் டெஸ்ட்டிலிருந்து கடைசி ரசீது வரை

எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு நீல ஃபைல் இருக்கிறது. அதில் முதல் தாள், ஒரு தனியார் கருத்தரிப்பு மையம் எழுதிக் கொடுத்த பேக்கேஜ் விவரம்: 1,40,000 ரூபாய். சிகிச்சை முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் கணவரும் உட்கார்ந்து எல்லா ரசீதுகளையும் கூட்டினோம். ஒரே ஒரு முயற்சிக்கு 3,12,000 ரூபாய் ஆகியிருந்தது. அந்த 1,40,000-க்குள் எதெல்லாம் வராது என்று நாங்கள் கேட்கவில்லை; அவர்களும் சொல்லவில்லை.

நாங்கள் மயூர் விஹாரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவர் மத்திய அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். இரண்டு பேர் வீடும் தஞ்சாவூர் பக்கம். டெல்லியில் நம்மவர்கள் பலருக்கு நிலைமை இதுதான்: அவசரத்துக்கு ஓடிவர அம்மா பக்கத்தில் இல்லை, ஆஸ்பத்திரியில் இந்தியில் பேச வேண்டும், வீட்டு வாடகையும் கட்ட வேண்டும். நாலு வருஷ அலைச்சலில் தெரிந்துகொண்டதை, இப்போது தொடங்குகிற தம்பதிகளுக்காக வரிசையாக எழுதுகிறேன். உங்கள் உடம்புக்கு எது சரி என்று உங்கள் மருத்துவர்தான் சொல்ல முடியும். அவரிடம் என்ன கேட்பது, எந்த நேரத்தில் கேட்பது, பணத்தை எப்படிக் கணக்குப் போடுவது என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

படி 1: எப்போது மருத்துவரிடம் போவது

கருத்தடை எதுவும் இல்லாமல் ஒரு வருஷம் சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்கவில்லை என்றால் பரிசோதனையைத் தொடங்கலாம். மனைவிக்கு 35 வயதாகியிருந்தால் ஆறு மாதம் பார்த்தால் போதும். 40-ஐத் தாண்டியிருந்தால் காத்திருக்கவே வேண்டாம். மாதவிலக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது, அந்த நாட்களில் தாங்க முடியாத வலி, முன்பு காசநோய் வந்திருக்கிறது, கணவருக்குச் சின்ன வயதில் விதைப்பையில் ஆபரேஷன் நடந்திருக்கிறது என்றால் வயது எதுவானாலும் உடனே போய்விடுங்கள்.

ஒரு வருஷம் என்பதைச் சரியாகக் கணக்கிடுங்கள். கல்யாணமாகி ஐந்து வருஷம் என்று ஊரில் சொல்வார்கள். எங்கள் விஷயத்தில் அதில் ஒன்றரை வருஷம் அவர் கௌஹாத்தியில், நான் இங்கே. மருத்துவரிடம் சேர்ந்து இருந்த மாதங்களை மட்டும் சொல்லுங்கள். இல்லாவிட்டால் தேவைக்கு முன்பே பெரிய சிகிச்சைக்குத் தள்ளிவிடுவார்கள்.

உலகத்தில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது இந்தப் பிரச்சினையைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்னது. அம்மா போனில் அழுதபோதெல்லாம் நான் இந்த எண்ணைத்தான் சொன்னேன்.

படி 2: முதல் பரிசோதனை கணவருக்கு

இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நாங்கள் இதைத் தலைகீழாகச் செய்து எட்டு மாதம் இழந்தோம். எனக்கு ரத்தப் பரிசோதனைகள், நாலைந்து ஸ்கேன், கருக்குழாய் டெஸ்ட் எல்லாம் முடிந்த பிறகுதான் ஒரு மருத்துவர் “அவர் ரிப்போர்ட் எங்கே?” என்று கேட்டார். “நான் நல்லாத்தானே இருக்கேன், எனக்கு எதுக்கு டெஸ்ட்?” என்றார் என் கணவர். அவரைக் குறை சொல்ல முடியாது. எந்த வீட்டிலும் அந்தக் கேள்வி ஆண்பிள்ளையை நோக்கி வந்ததே இல்லை. குழந்தை தங்காத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கத்துக் காரணமும் சேர்ந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்கும் விந்துப் பரிசோதனையோ எல்லா டெஸ்ட்டிலும் மலிவானது, ஊசிகூடக் கிடையாது. சில நூறு ரூபாயில் முடிந்துவிடும்.

இரண்டிலிருந்து ஏழு நாள் வரை உறவு இல்லாமல் இருந்து மாதிரி கொடுக்க வேண்டும். லேபில் அதற்கென்று ஒதுக்கிய அறை பலருக்குக் கூச்சமாக இருக்கும். வீடு பக்கத்தில் இருந்தால் வீட்டிலிருந்தே எடுத்துவரலாமா என்று கேளுங்கள். ஒரு மணி நேரத்துக்குள், உடல் சூடு குறையாமல் லேபுக்குப் போய்ச் சேர வேண்டும். டெல்லி ஜனவரிக் குளிரில் அந்த டப்பாவைச் சட்டைக்குள் வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும்.

ரிப்போர்ட்டைப் பார்த்துப் பதற வேண்டாம். “நார்மல் வடிவம் 4 சதவீதம்” என்று வந்ததும் என் கணவர் அன்று இரவு சாப்பிடவில்லை. 4 சதவீதம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் வரம்பு என்று மறுநாள்தான் தெரிந்தது. அந்த அமைப்பு 2021-ல் வெளியிட்ட கையேட்டின்படி ஒரு மில்லி லிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம் அணுக்கள், முன்னோக்கி நகர்பவை 30 சதவீதம் என்பவை கீழ் வரம்புகள். அதற்குக் குறைந்தால் குழந்தையே பிறக்காது என்று பொருள் இல்லை.

ஒரே ரிப்போர்ட்டை வைத்து முடிவுக்கு வராதீர்கள். ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகிறது. செப்டம்பர், அக்டோபரில் டெங்குக் காய்ச்சல் வந்திருந்தால் டிசம்பர் வரை எண்ணிக்கை குறைந்து காட்டலாம். மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பாருங்கள். சிகரெட், குட்கா நிறுத்த வேண்டும். ஜிம்மில் உடம்பு ஏற்ற டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்கிறவர் அதை மருத்துவரிடம் மறைக்கவே கூடாது. அந்த ஊசி விந்தணு உற்பத்தியை நிறுத்திவிடும். எண்ணிக்கை குறைவாக இருந்தால் சிறுநீரக மருத்துவர், அதாவது யூராலஜிஸ்ட், ஒருவரை நேரில் பார்க்கச் சொல்லுங்கள். என் கணவருக்கு வேரிகோசீல் என்ற விதைப்பை ரத்தநாளப் புடைப்பு இருந்தது அப்படித்தான் தெரியவந்தது.

படி 3: மனைவிக்கான பரிசோதனைகள்

தைராய்டு, புரோலாக்டின், சர்க்கரை, ஏஎம்ஹெச் ஆகிய ரத்தப் பரிசோதனைகள், மாதவிலக்கு வந்த இரண்டாம் அல்லது மூன்றாம் நாள் ஒரு ஸ்கேன், மாதவிலக்கு நின்ற சில நாட்களுக்குள் கருக்குழாய் அடைப்பைப் பார்க்கும் ஹெச்எஸ்ஜி. ஆரம்பத்தில் இவை போதும். கையில் எண்ணூறு பக்க ரிப்போர்ட் சேர்ந்தால் காரணம் சீக்கிரம் தெரியும் என்று நினைக்காதீர்கள்.

ஏஎம்ஹெச் பற்றி ஒரு வார்த்தை. அது கருமுட்டை இருப்பு எவ்வளவு என்பதைக் காட்டுகிறது. ஊசி போட்டால் எத்தனை முட்டை வரும் என்று ஊகிக்க உதவும். இயற்கையாகக் கரு தங்குமா தங்காதா என்று அது சொல்லாது. அந்த ஒரு எண்ணைக் காட்டி “இந்த மாதமே ஐவிஎஃப் தொடங்கிவிடுங்கள்” என்று அவசரப்படுத்தினால் இன்னொரு மருத்துவரையும் பாருங்கள். (ஐவிஎஃப் என்பது முட்டையை வெளியே எடுத்து, லேபில் கருவாக்கி, கருப்பைக்குள் வைப்பது.) ஹெச்எஸ்ஜி வலிக்கும். ஒரு மணி நேரம் முன்பே வலி மாத்திரை போட்டுக்கொள்ளலாமா என்று கேளுங்கள், துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள். நான் தனியாகப் போய் ஆட்டோவில் அழுதுகொண்டே வந்தேன்.

நம் நாட்டில் கருக்குழாய் அடைப்புக்குக் காசநோயும் ஒரு முக்கியக் காரணம். கருப்பையிலிருந்து திசு எடுத்துப் பார்ப்பார்கள். அதில் கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் டெஸ்ட் முடிவு ஒன்றை மட்டும் வைத்து ஆறு மாத மாத்திரை எழுதினால், வேறு ஆதாரம் என்ன இருக்கிறது என்று கேட்டு இரண்டாவது கருத்து வாங்குங்கள். நோய் உறுதியானால் மருந்து அரசு மையங்களில் இலவசம்.

ஃபோலிக் அமில மாத்திரையை முயற்சி தொடங்கும்போதே ஆரம்பித்துவிடலாம். அது ஜன் ஔஷதி கடையில் மிக மலிவாகக் கிடைக்கும்.

படி 4: எல்லையை முதலிலேயே எழுதி வைப்பது

பெரிய சிகிச்சைக்குள் போவதற்கு முன், இரண்டு பேரும் அமைதியாக இருக்கிற ஒரு நாளில் இதைப் பேசுங்கள். எத்தனை வருஷம், எத்தனை ரூபாய், எத்தனை முறை முட்டை எடுப்பது. நாங்கள் டைரியில் எழுதியது: இரண்டு வருஷம், 5 லட்சம், முட்டை எடுப்பது அதிகபட்சம் இரண்டு முறை. ஏன் முன்பே எழுத வேண்டும் என்றால், ஒரு முயற்சி தோற்ற அன்று மனசு எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடத் தயாராக இருக்கும். அன்றைக்குத்தான் அடுத்த பேக்கேஜ் விலையும் சொல்வார்கள்.

எந்தப் பணத்தைத் தொடக் கூடாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஆறு மாத வீட்டுச் செலவு, அப்பா அம்மா மருத்துவத்துக்கு வைத்திருப்பது இவற்றில் கை வைக்க வேண்டாம். கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் பர்சனல் லோனைவிட வங்கி நகைக்கடன் பெரும்பாலும் வட்டி குறைவு. பழைய ஓய்வூதியத் திட்டத்தில் உள்ள அரசு ஊழியர்களுக்கு ஜிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) முன்பணம் இருக்கிறது. மையத்திலேயே ஏற்பாடு செய்து தரும் தவணைத் திட்டத்தில் வட்டி இல்லை என்று போட்டிருந்தாலும், பிராசஸிங் கட்டணத்தைக் கூட்டிப் பாருங்கள்.

“வெற்றி இல்லையென்றால் பணம் வாபஸ்” என்ற திட்டங்களும் உண்டு. வெற்றி என்றால் என்ன என்று அவர்கள் எழுதியிருப்பதைப் படியுங்கள். டெஸ்ட் பாசிட்டிவ் வந்தாலே வெற்றியா, குழந்தை கைக்கு வந்தால் வெற்றியா? இரண்டுக்கும் நடுவில் ஒன்பது மாதம் இருக்கிறது.

படி 5: மாத்திரை, ஐயூஐ

சினைப்பை நீர்க்கட்டி காரணமாக முட்டை வெடிக்காமல் இருப்பவர்களுக்கு, முட்டை வளர உதவும் லெட்ரசோல் மாத்திரையும், அது வளர்வதைப் பார்க்கும் ஃபாலிக்குலர் ஸ்கேனுமே பல நேரங்களில் வேலையை முடித்துவிடும். உடம்பு எடை கூடுதலாக இருந்தால் அதில் ஐந்து சதவீதம் குறைந்தாலே மாதவிலக்கு சீராகத் தொடங்குவது உண்டு.

ஐயூஐ என்பது கழுவித் தயார் செய்த விந்தணுக்களை நேராகக் கருப்பைக்குள் செலுத்துவது. எங்களுக்கு ஒரு முறைக்கு, ஸ்கேன் மருந்து எல்லாம் சேர்த்து, 12,000 ரூபாய் அளவில் ஆனது. ஒரு முறைக்குப் பத்துப் பேரில் ஒருவருக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பலன் கிடைக்கும், அவ்வளவுதான். மூன்று நான்கு முறைக்கு மேல் அதையே தொடர்வதில் பெரிய பயன் இல்லை. இரண்டு குழாயும் அடைத்திருந்தாலோ, எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்தாலோ ஐயூஐயில் பணம் போடவே வேண்டாம்.

படி 6: மத்திய அரசு ஊழியர்களும் சிஜிஹெச்எஸ்ஸும்

டெல்லித் தமிழர்களில் எத்தனையோ பேர் ஆர்.கே.புரத்திலும் மற்ற அரசுக் குடியிருப்புகளிலும் சிஜிஹெச்எஸ் (மத்திய அரசு சுகாதாரத் திட்டம்) கார்டு வைத்துக்கொண்டு, ஐவிஎஃப் செலவில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும் என்பதே தெரியாமல் முழுப் பணத்தையும் கையிலிருந்து கட்டுகிறார்கள். 2011-லேயே மத்திய சுகாதார அமைச்சகம் இதற்கு உத்தரவு போட்டது. ஒரு முயற்சிக்கு 65,000 ரூபாய் அல்லது உண்மைச் செலவு, எது குறைவோ அது. மருந்து, ஸ்கேன் எல்லாம் அதற்குள் அடங்கும். அதிகபட்சம் மூன்று முயற்சிகள். உயிருடன் குழந்தை இல்லாத தம்பதிக்கு, இந்த மூன்று முயற்சிச் சலுகை ஒரே ஒரு தடவைதான் கிடைக்கும். மனைவியின் வயது 21-லிருந்து 39-க்குள் இருக்க வேண்டும்.

அந்த உத்தரவில் பலரைக் கவிழ்ப்பது இரண்டு இடம். ஒன்று, சாதாரண சிகிச்சைகள் பலன் தரவில்லை என்பதற்கு ஆதாரம் வேண்டும். முட்டைகளை வளர்க்கும் கோனடோட்ரோபின் ஊசி போட்டுச் செய்த ஐயூஐ குறைந்தது மூன்று முறை நடந்திருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. மாத்திரை மட்டும் கொடுத்துச் செய்திருந்தால் கேள்வி வரும். ஆகவே ஒவ்வொரு ஐயூஐக்கும் மருந்தின் பெயர், தேதி, மருத்துவர் கையெழுத்தோடு ஒரு தாள் வாங்கி வையுங்கள். இரண்டு, அரசு மருத்துவமனையின் மகப்பேறு துறைத் தலைவர் பரிந்துரைத்து, அதன்மேல் முன் அனுமதி வாங்கிய பிறகுதான் தனியார் மையத்துக்குப் போக வேண்டும். சிகிச்சை முடிந்த பிறகு போய் நின்றால் கதை முடிந்தது. தொடங்கும் முன் நடப்பு விதியை உங்கள் சிஜிஹெச்எஸ் வெல்னெஸ் சென்டரிலும் (டிஸ்பென்சரி) அலுவலகத்திலும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். எங்களுக்கு அனுமதி கைக்கு வர இரண்டரை மாதம் ஆனது. ஆனால் 65,000 வந்தது.

மற்றவர்களுக்கு: சாதாரண மருத்துவக் காப்பீட்டில் மலட்டுத்தன்மை சிகிச்சை விலக்கப்பட்டிருக்கும். பாலிசிக் காகிதத்தில் ‘எக்ஸ்க்ல் 17’ என்ற குறியீட்டில் தேடுங்கள். கம்பெனி தரும் குழுக் காப்பீட்டில் சில இடங்களில் ஒரு வரம்பு வரை தருகிறார்கள். ஹெச்ஆரிடம் கேட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. நார்த்திசுக் கட்டி, எண்டோமெட்ரியோசிஸ் போன்ற நோய்க்காக மருத்துவர் லேப்ராஸ்கோபி சொன்னால், அது அந்த நோய்க்கான ஆபரேஷன் என்ற வகையில் பாலிசியில் வருமா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

படி 7: எந்த மருத்துவமனை

எய்ம்ஸிலும் லோக் நாயக் மருத்துவமனையிலும் ஐவிஎஃப் வசதி இருக்கிறது. செலவு தனியாரைவிட மிகவும் குறைவு. விலையாகக் கொடுப்பது நேரத்தை. காலை ஆறு மணிக்கு யெல்லோ லைனில் எய்ம்ஸ் ஸ்டேஷனில் இறங்கினால் அதற்கு முன்பே வரிசை நிற்கும், ஐவிஎஃப்புக்கான காத்திருப்புப் பட்டியலும் நீளம். என் கருத்து: மனைவிக்கு 32, 33-க்குள் என்றால் அரசு மருத்துவமனையில் பெயரைப் பதிந்துவிட்டு, காத்திருக்கும் காலத்தில் ஐயூஐ, உடல் எடை, கணவரின் சிகிச்சை இவற்றை முடியுங்கள். 37, 38 என்றால் ஒரு வருஷக் காத்திருப்பு பணத்தைவிடப் பெரிய செலவு. இந்தச் சிகிச்சையில் வயதைப்போல வேறு எதுவும் முடிவைத் தீர்மானிப்பதில்லை. சொந்த முட்டையில், 35-க்குக் கீழே ஒரு கரு வைத்தால் மூன்றில் ஒருவர் அளவுக்குக் குழந்தை பெறுகிறார்கள். 40-க்கு மேல் அது பத்தில் ஒருவர் அளவுக்கு இறங்கிவிடுகிறது.

தனியார் மையங்கள் சவுத் எக்ஸ், கிரீன் பார்க், லாஜ்பத் நகர், நொய்டா, குருகிராம் என்று எங்கும் இருக்கின்றன. உள்ளே போனதும் சுவரில் பதிவுச் சான்றிதழைத் தேடுங்கள். 2021-ஆம் வருஷத்து உதவிக் கருத்தரிப்புச் சட்டம் 2022 ஜனவரி 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. பதிவு இல்லாத மையம் சிகிச்சை செய்யக் கூடாது. லெவல் 1 என்றால் ஐயூஐ வரை மட்டும். ஐவிஎஃப் செய்ய லெவல் 2 வேண்டும். பெண்ணுக்கு 21-லிருந்து 50, ஆணுக்கு 21-லிருந்து 55 என்பது சட்டம் வைத்த வயது வரம்பு. முட்டை தானம் கொடுப்பவர் 23-லிருந்து 35 வயதுக்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரு முறைதான் கொடுக்கலாம், அவருக்கு ஒரு வருஷக் காப்பீடு எடுத்துத் தருவது தம்பதியின் கடமை. ஆண் குழந்தைக்கு உத்தரவாதம் என்று யாராவது காதோடு காதாகச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அது குற்றம், சிறைத்தண்டனை உண்டு.

வெற்றி விகிதம் 70, 80 சதவீதம் என்று பேனரில் பார்க்கும்போது ஒரே கேள்வி கேளுங்கள்: “எங்கள் வயதில், சொந்த முட்டையில், எத்தனை பேர் குழந்தையோடு வீட்டுக்குப் போனார்கள்?” பதில் சொல்ல மருத்துவர் எடுத்துக்கொள்ளும் நேரத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

படி 8: பேக்கேஜுக்கு வெளியே என்ன இருக்கிறது

எங்கள் ரசீதுகள் இப்படி. பேக்கேஜ் 1,40,000. ஊசிகள் 75,000. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை 12,000. கருவை உறையவைத்து ஒரு வருஷம் வைக்க 25,000. உறைந்த கருவைப் பிறகு கருப்பையில் வைக்க 45,000. அதற்குப் பிந்திய மருந்துகள் 15,000. பேக்கேஜ் என்பது முட்டை எடுத்து, லேபில் கரு உருவாக்கும் வரைதான். கரு வைப்பதும் அதில் அடக்கம் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம்.

அதனால் பணம் கட்டும் முன் மையத்தின் லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்குங்கள்: ஊசிகள் உண்டா இல்லையா, எத்தனை நாள் ஸ்கேன், மயக்க மருந்து நிபுணர் கட்டணம், இக்ஸி (ஒரு விந்தணுவை நேராக முட்டைக்குள் செலுத்துவது), கருவை ஐந்தாம் நாள் வரை வளர்ப்பது, உறையவைப்பது, வருஷா வருஷம் புதுப்பிக்கும் கட்டணம், முதல் கரு வைப்பது, இரண்டாவது கரு வைப்பது, நடுவில் நிறுத்த நேர்ந்தால் எவ்வளவு திரும்பும். இதில் கடைசிக் கேள்வி மிக முக்கியம். ஊசி போட்டும் முட்டை வளராமல் சிகிச்சையை நிறுத்தும் நிலை பலருக்கு வருகிறது. ஐவிஎஃப் சிகிச்சைக்கு ஜிஎஸ்டி கிடையாது என்று 2022 ஆகஸ்டில் மத்திய அரசு தெளிவாகச் சொல்லிவிட்டது. பில்லில் அந்த வரி இருந்தால் கேளுங்கள். மருந்துகளுக்கு வரி உண்டு.

கூடுதலாகச் சேர்க்கச் சொல்பவற்றில் கவனம் வையுங்கள். கருப்பை உட்சுவரைச் சுரண்டிவிடுவதால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடவில்லை என்று 2019-ல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. விந்தணு நன்றாக இருக்கும்போது இக்ஸி செய்வதாலும் குழந்தை பிறப்பது கூடுவதில்லை. இளவயதுப் பெண்களுக்குக் கருவின் குரோமோசோம் பரிசோதனையால் பெரிய லாபம் இல்லை. ஒவ்வொரு கருவுக்கும் ஆயிரக்கணக்கில் ஆகும். “இது இல்லாவிட்டால் எனக்கு என்ன நஷ்டம்?” என்று கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

ஊசியில் மிச்சப்படுத்த வழி உண்டு. சிறுநீரிலிருந்து பிரித்தெடுக்கும் ஹெச்எம்ஜி வகை ஊசி, லேபில் தயாரிக்கும் ரீகாம்பினன்ட் வகையைவிட விலை குறைவு. பலன் ஏறத்தாழ ஒன்றுதான். எனக்கு ஒத்துவருமா என்று மருத்துவரைக் கேட்டு மாற்றினோம். சாந்தினி சௌக் பக்கம் பாகீரத் பேலஸ் மொத்த விலைச் சந்தையில் மருந்து மலிவு என்று எல்லோரும் சொல்வார்கள். மாத்திரைக்கு அங்கே போகலாம். குளிரில் வைக்க வேண்டிய ஊசிகளை, பேட்ச் எண்ணோடு பில் தராத, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துத் தராத கடையில் வாங்காதீர்கள். எய்ம்ஸ் வளாகத்தில் 2015 முதல் இருக்கும் அம்ரித் மருந்தகத்திலும் விலை கேட்டுப் பாருங்கள்.

படி 9: ஊசி நாட்கள்

பத்திலிருந்து பன்னிரண்டு நாள் தினமும் ஊசி, ஒருநாள் விட்டு ஒருநாள் ஸ்கேன். எனக்கு அது மே மாதத்தில் வந்தது, வெளியே 44 டிகிரி. ஐஸ் பெட்டியோடு பிங்க் லைனில் மயூர் விஹாரிலிருந்து சவுத் எக்ஸ் வரை போய்வருவேன். வயிற்றில் போடும் ஊசியை நீங்களே போடக் கற்றுக்கொள்ளலாம். நர்ஸிடம் இரண்டு முறை பார்த்தால் கை வந்துவிடும், போக்குவரத்தும் மிச்சம். என் கணவர்தான் எனக்குப் போட்டார். அந்தப் பத்து நாளில்தான் இது எங்கள் இரண்டு பேருடைய சிகிச்சையாக மாறியது.

முட்டையை முதிரவைக்கக் கடைசியில் போடும் ட்ரிகர் ஊசியின் நேரம் நிமிஷம் தவறக் கூடாது. அதைப் போட்ட 34-லிருந்து 36 மணி நேரத்தில் முட்டை எடுப்பார்கள். அலாரம் இரண்டு போனிலும் வையுங்கள். மயக்கம் கொடுத்து எடுப்பதால் அன்று லீவு போட்டுவிடுங்கள். வயிறு உப்பி, ஒரே நாளில் எடை ஏறி, மூச்சு வாங்கி, சிறுநீர் குறைந்தால் ராத்திரி எத்தனை மணியானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டதன் அறிகுறி அது, நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு அதிகம் வரும். அவர்களுக்குப் புதுக் கருவை உடனே வைக்காமல் உறையவைப்பது பாதுகாப்பு.

எனக்கு 9 முட்டை வந்தது. 7 முதிர்ந்தவை, 5 கருவானது, ஐந்தாம் நாள் 3 கரு நின்றது. ஒவ்வொரு நாளும் எண் குறைவது எல்லோருக்கும் நடப்பது. இதை யாரும் முன்பே சொல்லாததால் ஒவ்வொரு போனுக்கும் நான் உடைந்துபோனேன்.

ஒரே நேரத்தில் இரண்டு கரு வைத்தால் சீக்கிரம் முடியும் என்று தோன்றும். இரட்டைப் பிள்ளை என்றால் குறைமாதப் பிரசவம், குழந்தைகள் ஐசியூ, தாய்க்கு ரத்த அழுத்தம். நல்ல கரு இருந்தால் ஒன்று ஒன்றாக வையுங்கள்.

படி 10: காத்திருக்கும் இரண்டு வாரம்

கரு வைத்த பிறகு படுத்தே இருப்பதால் பலன் கூடாது. மாடிப்படி, மெட்ரோ, சமையல் எதுவும் கருவை விழவைக்காது. வீட்டு டெஸ்ட் கார்டை முன்கூட்டியே போட்டுப் பார்க்காதீர்கள். ஹெச்சிஜி (கர்ப்பத்தில் சுரக்கும் ஹார்மோன்) ஊசி போட்டிருந்தால் அந்த மருந்தே பத்து நாள் வரை இரண்டு கோடு காட்டும். மருத்துவர் சொன்ன நாளில் ரத்தப் பரிசோதனை, 48 மணி நேரம் கழித்து இன்னொன்று.

ஊரிலிருந்து போன் வரும். “என்னம்மா, விசேஷம் ஏதாவது உண்டா?” என்று அத்தை கேட்பார். எங்களுக்கு உதவியது: வீட்டுக்கு ஒரு ஆளை மட்டும் முடிவு செய்து, அவருக்கு மட்டும் எல்லாம் சொல்வது. கணவர் வீட்டாரிடம் கணவர் பேசினார், என் வீட்டாரிடம் நான். அத்தை திருக்கருகாவூர் கோயில் நெய் அனுப்பினார். நாற்பத்தெட்டு நாள் இரண்டு பேரும் சாப்பிட்டோம். அதைச் சாப்பிட்டுக்கொண்டே தைராய்டு மாத்திரையையும் விடாமல் போட்டேன். பெயர் தெரியாத சூரணம், லேகியம் வந்தால் மட்டும் மருத்துவரிடம் காட்டாமல் தொடாதீர்கள்.

படி 11: பலிக்காவிட்டால்

முதல் கரு தங்கவில்லை. இரண்டாவது தங்கி, ஏழாம் வாரம் போய்விட்டது. ஸ்கேன் அறையில் மருத்துவர் திரையைத் திருப்பி வைத்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்த வாரத்தில் எந்த முடிவும் எடுக்காதீர்கள். பணமும் கட்டாதீர்கள். ஒரு மாதம் கழித்து, கேள்விகளை எழுதிக்கொண்டு இரண்டு பேரும் மருத்துவரைப் பாருங்கள். முட்டை எண்ணிக்கை, முதிர்ந்தவை, கருத்தரம், மருந்தின் அளவு எல்லாம் உள்ள லேப் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் சொத்து; வேறு மருத்துவரிடம் போனால் அது இல்லாமல் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அடுத்த முறை எதை மாற்றப்போகிறார் என்று கேளுங்கள். அதே மருந்து, அதே அளவு என்றால் ஏன் என்றும் கேளுங்கள். தூக்கம் போய், சாப்பாடு போய் மூன்று வாரம் தாண்டினால் மனநல மருத்துவரைப் பாருங்கள், கணவரும்தான். என் கணவர் அழுததை நான் பார்த்ததே இல்லை. ஆறு மாதம் கழித்து, ஆபீஸ் பாத்ரூமில் அழுதுவிட்டு வருவேன் என்று சொன்னார்.

படி 12: தத்து, மிச்சமிருக்கும் கரு

தத்தெடுப்பதைக் கடைசிக் கதவாக வைக்காதீர்கள், வரிசை பல வருஷம் நீள்கிறது. மத்தியத் தத்தெடுப்பு ஆணையத்தின் அலுவலகமே ஆர்.கே.புரத்தில் இருக்கிறது, பதிவு இணையத்தில். கல்யாணமாகி இரண்டு வருஷம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். இரண்டு வயதுக்குள் உள்ள குழந்தை வேண்டும் என்றால் கணவன் மனைவி இருவர் வயதையும் கூட்டினால் 85-ஐத் தாண்டக் கூடாது. எங்களுக்கு இப்போது 77. பதிந்துவிட்டோம். யாராவது ஆஸ்பத்திரியில் நேராகக் குழந்தை வாங்கித் தருகிறேன் என்றால் சம்மதிக்காதீர்கள், அது சட்டவிரோதம், குழந்தையை ஒருநாள் பறிகொடுக்க வேண்டிவரும்.

எங்கள் எல்லையில் இன்னும் ஏழு மாதமும், அந்த 3,12,000-மும் இரண்டாவது கரு வைத்த 60,000-மும் போக 1,28,000 ரூபாயும் மீதி. உறைநிலையில் ஒரு கரு இருக்கிறது. சட்டப்படி பத்து வருஷம் வரை வைக்கலாம், ஆனால் வருஷத்துக்கு 15,000 கட்ட வேண்டும். கட்டத் தவறினால் என்ன செய்வார்கள் என்பது நீங்கள் கையெழுத்துப் போட்ட சம்மதப் படிவத்தில் இருக்கும். அந்தப் பக்கத்தை இன்றைக்கே எடுத்துப் படித்து, புதுப்பிக்கும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். எங்களுடையது ஏப்ரல் 18.